ஹந்தானையும் என் மெத்தையும்

கண்டியில் குடியிருப்பவன் சுற்றாடலோடு சிநேகம் பிடிக்கத் தனியாகப் பாடுபட வேண்டியதில்லை. சுற்றாடல் தானாகவே வீட்டுக்கு வரும். கதவைத் தட்டிக்கொண்டெல்லாம் நிற்காது. ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். ஒரு பக்கம் ஹந்தானை மலைத்தொடர், தலதா மாளிகைக்குப் பின்னால் உடவத்தகலே வனம், நகரத்தை வளைத்துக்கொண்டு மகாவலி. நடுப்பள்ளத்தில் பஸ் புகை வெளியே போக வழி தெரியாமல் தேங்கிக் கிடக்கும். இப்படிப்பட்ட ஊரில், ஹந்தானைச் சரிவில், மாநகர சபை எல்லை முடிவதற்குச் சற்று முன்னால் வீடு வைத்திருக்கும் நான், என் படுக்கையறையைச் சுற்றாடலுக்கு உகந்ததாகவும் நிம்மதியாகத் தூங்கக் கூடியதாகவும் மாற்றப் புறப்பட்டேன். காரணம் இரண்டு. ஒன்று, முதுகு. மற்றது, லைட் பில்.

முதுகைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குத் தெரியும். பில்லைப் பற்றி நாட்டுக்கே தெரியும். 2022 ஆகஸ்டில் மின்கட்டணத்தைச் சராசரியாக 75 வீதம் ஏற்றினார்கள். 2023 பெப்ரவரியில் அதற்கு மேலே இன்னொரு 66 வீதம். அப்புறம் குறைத்தார்கள், கூட்டினார்கள், மறுபடி குறைத்தார்கள், மறுபடி கூட்டினார்கள். பில் வருகிற ஒவ்வொரு முறையும் வீடு அதிரச் சத்தம் போடுவது என் வழக்கம். சத்தத்துக்கு யூனிட் கணக்கு இல்லை என்பதால் அதில் மட்டும் நான் சிக்கனம் பார்ப்பதில்லை.

என் திட்டம் சுலபமானது. இயற்கையை அறைக்குள் கொண்டுவந்துவிட்டால் தூக்கம் பின்னாலேயே வந்துவிடும். இயற்கையைப் பொறுத்தவரை திட்டம் முழு வெற்றி.

இந்த விஷயத்தில் முன்மாதிரி தேடி ஒரு கண்டிக்காரன் வெளிநாடு போகத் தேவையில்லை. 1918இல் இதே ஊரில் பிறந்த மின்னெட் டி சில்வா இருக்கிறார். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் இணை அங்கத்தவரான முதல் ஆசியப் பெண். இலண்டனில் படித்துவிட்டுக் கண்டிக்குத் திரும்பி வந்து, கருணாரத்ன குடும்பத்துக்கு இங்கே மலைச்சரிவில் ஒரு வீடு கட்டினார். கொங்கிரீட்டைக் கைவிடாமலே அதற்குள் உள்ளூர்க் கைவினைஞர் சுட்ட களிமண் ஓடுகளுக்கும் தும்பரப் பாய் நெசவுக்கும் இடம் கொடுத்தார். சுற்றாடல் நேயம் என்று பேர் வைத்து அதற்கு ஒரு விலையும் வைப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்திய சங்கதி இது. பிறகு 1950களில் வட்டபுலுவ வீடமைப்புத் திட்டம். குடிவரப் போகிறவர்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து, எப்படிச் சமைப்பீர்கள், எங்கே கும்பிடுவீர்கள், எத்தனை பேர் என்று விசாரித்து அறிந்த பிறகுதான் வரைபடத்தில் கை வைத்தார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று பல வகைக் குடும்பங்கள். பல வகை வீடுகள். வீட்டில் வாழப் போகிறவனைக் கேட்டுவிட்டு வீடு கட்டிய கட்டடக் கலைஞர்கள் அன்றைக்கும் குறைவு, இன்றைக்கும் குறைவு.

ஆகவே நானும் வினாக்கொத்துத் தயாரித்தேன். காகிதத்தின் இரண்டு பக்கமும் அச்சடித்தேன், அதுவும் சுற்றாடலுக்காகத்தான்.

அம்மாவுக்கு எழுத்துப் பழக்கமில்லை. அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். அறைக்கு எத்தனை ஜன்னல் வேண்டும்? "கலஹாவுல நாங்க இருந்த காம்பராவுக்கு ஒரு ஜன்னல். அதையும் குளிருக்குச் சாக்கு வச்சு அடச்சிட்டோம்." காலையில் இயற்கை ஒளி விழுவதை விரும்புகிறீர்களா? "விடியறதுக்கு முந்தியே பெரட்டுக்குப் போனவகிட்ட கேக்குற கேள்வியாடா இது?" எவ்வகைப் படுக்கை உகந்தது? "கம்பளி. கம்பளி இல்லாட்டி படங்கு." பன்னிரண்டடிக்குப் பத்தடி லயத்துக் காம்பராவில் ஒரு குடும்பமே நீட்டி மடக்கிப் படுத்து, அடித்துப்போட்ட மாதிரித் தூங்கி எழுந்த மனுஷிக்கு இந்த வினாக்கொத்தே ஒரு தமாஷ். எனக்கு இப்போது இருப்பதும் பன்னிரண்டுக்குப் பத்துதான். ஆனால் இதில் இரண்டே பேர்.

மகள் எல்லாக் கேள்விக்கும் 'வைஃபை' என்று எழுதியிருந்தாள்.

மனைவி ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் எழுதினாள். 'உங்கள் தூக்கத்துக்கு இடையூறாக இருப்பது எது?' அதற்கு நேரே, 'தெரிஞ்சுகிட்டே கேக்காதீங்க.' எனக்குப் புரிந்துவிட்டது. ஃபோம் மெத்தையைச் சொல்கிறாள்.

ஃபோம் என்பது பெற்றோலிய எண்ணெயின் பேரப்பிள்ளை. ஓர் எண்ணெய்க் கிணற்றின் மேல் படுத்துக்கொண்டு சுற்றாடலைப் பற்றி யோசிப்பது முறையல்ல. மாற்றாகத் தும்பு மெத்தை இருந்தது. நம் நாட்டு இறப்பர்ப்பாலில் செய்த லேட்டக்ஸ் மெத்தை இருந்தது, ஆனால் அதன் விலையைக் கேட்டதும் கடையிலேயே உட்கார நாற்காலி கேட்க வேண்டியதாயிற்று. கடைசியில் இலவம் பஞ்சுக்கு வந்தேன். இலவம் பஞ்சு லேசு, நீர் ஒட்டாது, ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு மேலாடைகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். வீட்டில் வெள்ளம் வந்தால் மெத்தையோடு மிதக்கலாம் என்று மனைவிக்கு எடுத்துச் சொன்னேன். மலைச்சரிவில் வெள்ளம் எப்படி வரும் என்று கேட்டாள். இலவு காத்த கிளி பழத்துக்குக் காத்திருந்து பஞ்சைக் கண்டு ஏமாந்தது. நான் பஞ்சுக்கென்றே காத்திருந்து, பஞ்சே கிடைத்து, அப்புறம் ஏமாந்தவன்.

இலவம் பஞ்சு மெத்தைக்கு வெயில் வேண்டும். வெயிலில் போட்டு, அடித்து, புரட்டிக் கொடுத்தால் வருஷக் கணக்கில் உழைக்கும். கண்டியில் ஒக்டோபர், நவம்பரில் வெயிலுக்கு எங்கே போவது? மழை விட்டு ஒரு மஞ்சள் கீற்று விழுந்ததும் நானும் மனைவியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவோம். மெத்தை வெளியே வந்து சேர்வதற்குள் மழையும் வந்து சேர்ந்துவிடும். பஞ்சு நனையாவிட்டால் என்ன, உறை பருத்தி அல்லவா? உறையில் பூஞ்சணம் பூத்தது. வெயில் காணாத பஞ்சு இருவரும் படுக்கும் இடங்களிலிருந்து நகர்ந்து நடுவில் போய்ச் சேர்ந்தது. ஹந்தானைக்கு ஏழு சிகரம். எங்களுக்கு ஒன்றே போதுமாக இருந்தது. ஆளுக்கொரு பள்ளத்தாக்கில் படுத்துக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் குரல் கொடுத்துப் பேசிக்கொண்டோம்.

பழைய ஃபோம் மெத்தையைப் பற்றி யோசிக்காமலே புதியதை வாங்கியிருந்தேன். போத்தல், பேப்பர் எடுக்க வருகிறவர் அதைத் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பழைய பிரஷர் குக்கர் இருக்கிறதா என்று கேட்டார். குப்பையில் போட்டால் அது கொஹாகொட மேட்டுக்குப் போகும். மகாவலிக் கரையில் கண்டி தன் பாவங்களை எல்லாம் கொட்டி வைத்திருக்கும் மேடு அது. சுற்றாடலுக்காக வாங்கிய மெத்தை இன்னொரு மெத்தையை ஆற்றங்கரைக்கு அனுப்புவதா? மனம் ஒப்பவில்லை. ஹோல் சுவரில் சாய்த்து நிறுத்தினேன். வருகிறவர்கள் எல்லாம் யாராவது வந்து தங்கியிருக்கிறார்களா என்று கேட்டார்கள்.

அடுத்தது பாய். குண்டசாலைக்குப் பக்கத்தில் ஹேனவல என்ற கிராமம். தும்பரப் பாய் நெய்கிறவர்கள் பரம்பரையாக இருக்கும் இடம். ஹண என்கிற கற்றாழை இனச் செடியின் இலையைச் சீவி, சதையை நீக்கி, நாரை எடுத்து, பதங்கி மரத்தில் சிவப்பும் மரமஞ்சளில் மஞ்சளும் ஏற்றித் தரையில் உட்கார்ந்து நெய்வார்கள். யானை, மான், மயில், கட்டம், வரி எல்லாம் நெசவிலேயே விழும். 2021இல் யுனெஸ்கோ இந்தக் கைவினையை மனிதகுலத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நெய்கிற குடும்பங்கள் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பாய் முடிவதற்குள் நார் எத்தனை கை மாறுகிறது என்று பார்த்தபின் விலை பேச வாய் வரவில்லை. எனக்குப் பேரம் பேசாமல் வாங்கத் தெரிந்த ஒரே பொருள் அதுதான்.

பாயைக் கொண்டுவந்து கட்டிலில் விரித்தேன். மனைவி பார்த்தாள். "இதுலயா படுக்கப் போறீங்க?" என்று கேட்ட தொனியில், யுனெஸ்கோ மீது கால் நீட்டப் போகும் ஒரு காட்டுமிராண்டியாக நான் தெரிந்தேன். மறுநாள் பாய் சுவரில் தொங்கியது. மின்னெட் டி சில்வாவும் இதைப் படுப்பதற்கு வாங்கவில்லைதானே என்று மகள் சேர்த்துக்கொண்டாள். நான் வளர்த்த கட்டடக் கலை அறிவு எனக்கே எதிராகப் பயன்பட்ட முதல் சந்தர்ப்பம்.

அந்தச் சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரசாயனப் பெயின்ற் வேண்டாம் என்று திகணப் பக்கத்துச் சுண்ணாம்பைக் கரைத்து அடித்தோம். சுவர் மூச்சு விடும் என்றார்கள். மூச்சு விட்டது. விடும்போதெல்லாம் என் கறுப்புக் காற்சட்டையில் வெள்ளை விழுந்தது. கந்தோரில் என்னை மேசன் வேலைக்கும் போகிறவன் என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு செடிகள். 1989இல் நாசா ஒரு பரிசோதனை செய்தது. மூடிய சிறு கண்ணாடிப் பெட்டிக்குள் செடியை வைத்தால் காற்றிலுள்ள சில நச்சு வாயுக்களை அது குறைக்கிறது என்று கண்டது. அன்றிலிருந்து உலகத்தில் செடி விற்கிறவன் எல்லாம் நாசாவின் பிரதிநிதி. நானும் மருள் செடிகளை வாங்கி வந்தேன். தாவரவியல் பெயரிலேயே இலங்கையைச் சுமந்து நிற்கும் ஒரு வகை அதில் உண்டு. வேலியோரத்தில் சும்மா முளைத்துக் கிடப்பது. அதைச் சட்டியில் வைத்து விற்றால் காசு கொடுத்து வாங்கவும் ஒருவன் வேண்டும் அல்லவா? வாங்கி அடுக்கிய பிறகுதான் 2019ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று கண்ணில் பட்டது. அமெரிக்க ட்ரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், நாசாவின் பெட்டியை நிஜ வீட்டுக்குப் பெருக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் கிடைக்கும் அளவு சுத்தம் செடிகளால் கிடைக்க வேண்டுமானால், சதுர மீற்றருக்குப் 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டுமாம். என் அறை 11 சதுர மீற்றர். குறைந்தது 110 சட்டி, கூடினால் 11,000. பேராதனைப் பூங்காவில் 4,000 இனங்களுக்கு மேல் இருக்கின்றன என்பார்கள். இனத்துக்கு ஒன்றாக அத்தனையையும் பெயர்த்து வந்தாலும் அந்த 11,000இல் பாதிக்குக்கூடக் காணாது.

சட்டிகளுக்குக் கீழே நீர்த் தட்டு வைத்திருந்தேன். 2017இல் 186,000 பேருக்கு மேல் டெங்குவில் விழுந்த நாட்டில் அது என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீடு வீடாகப் பரிசோதிக்க வந்தவர் முற்றத்தைப் பார்த்தார், பீலியைப் பார்த்தார், தேங்காய்ச் சிரட்டை தேடினார். ஒன்றும் அகப்படாமல் பாராட்டிவிட்டுப் புறப்படும் நேரத்தில், "அங்கிள், எங்க அப்பாவோட ரூமைப் பாக்கலையா?" என்றாள் மகள். படித்து முன்னேற வேண்டும் என்று நான் பெற்றது. கட்டிலுக்கு ஓரமாகக் குந்தியிருந்து தட்டில் டோர்ச் அடித்தவர் வெகுநேரம் எழும்பவில்லை. அதற்குள் நெளிந்தவையும் சுற்றாடலைச் சேர்ந்தவைதான் என்று நான் வாதாடவில்லை. அபராதம் போடாமல் எச்சரித்துவிட்டுப் போனார். அவருக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும்.

நுளம்புச் சுருள் கொளுத்துவதை ஏற்கெனவே நிறுத்தியிருந்தோம். ஒரு சுருள் எரிந்து முடிய வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை புகைத்ததற்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு வந்தது. சிகரெட்டையே தொடாத நான் எத்தனை வருஷமாகப் புகைத்திருக்கிறேன் என்று கணக்குப் பார்க்காமல் விட்டேன். வலை வாங்கினோம். நுளம்பு வலை நல்ல சாதனம், சந்தேகமில்லை. ஒரு குறைதான்: நான்கு பக்கமும் மெத்தைக்குக் கீழே செருகி, மூச்சை விட்டு, சாய்ந்த பிறகுதான் லைட் எரிவது தெரியும். யார் எழும்புவது என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் சட்டம் இயற்றப்படவில்லை. எழும்பிப் போய் வருகிறவரோடு ஒரு நுளம்பும் வலைக்குள் வரும். அந்த ஒன்று போதும்.

ஜன்னலைத் திறந்தே வைத்தோம். ஆய்வாளர்களே சொல்லிவிட்டார்களே! திறந்த ஜன்னலால் காற்று வந்தது. காற்றோடு வௌவால் வந்தது. அது தவறுதலாக வந்தது, பதறிச் சுற்றிவிட்டுப் போய்விட்டது. குரங்குகள் தவறுதலாக வரவில்லை. 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை பற்றி விவசாய அமைச்சர் பேசியபோது நான் கொள்கை ரீதியாக எதிர்த்தவன். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க மின்சாரம் போனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதே காரணம் என்று எரிசக்தி அமைச்சர் சொன்னபோதும் குரங்கின் பக்கமே நின்றேன். அடுத்த மாதம் 15ஆம் திகதி, காலை 8.00 முதல் 8.05 வரை, ஐந்தே நிமிடத்தில் நாட்டிலுள்ள குரங்கு, மயில், மரஅணில் எல்லாவற்றையும் அவரவர் வளவில் எண்ணச் சொன்னார்கள். நான் பென்சிலும் கையுமாகத் தயாராக நின்றேன். எட்டு மணிக்கு இரண்டு குரங்குகள் என் கட்டிலில் உட்கார்ந்து இலவம் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டிருந்தன. கட்டிலில் இருப்பதை வளவுக்குள் சேர்ப்பதா, வீட்டுக்குள் சேர்ப்பதா என்று நானும் மனைவியும் தர்க்கம் பண்ணி முடிப்பதற்குள் ஐந்து நிமிடம் போய்விட்டது. தேசியக் கணக்கில் இரண்டு குறைவு. அன்றோடு ஜன்னலுக்குக் கம்பி வலை வந்தது, கொள்கையும் கொஞ்சம் தளர்ந்தது.

கம்பி வலை குரங்கை நிறுத்தும், சத்தத்தை நிறுத்தாது. விடிந்தும் விடியாததுமாகச் சூன் பாண் முச்சக்கர வண்டி சரிவில் முக்கிக்கொண்டு ஏறும். பாணும் மாலுபணிஸும் விற்க, பீத்தோவனின் 'ஃபியூர் எலீஸ்' முதல் சில சுரங்களைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பும். பீத்தோவன் அதை 1810இல் எழுதினார், அவர் இறந்து நாற்பது வருஷம் கழித்து 1867இல்தான் அது அச்சேறியது. அதே 1867இல்தான் அம்மாவின் கலஹாவுக்கு அண்மையில், லூல்கந்துர தோட்டத்தில், ஜேம்ஸ் டெயிலர் தேயிலை போட்டார். கண்டிக்காரனைக் காலையில் எழுப்புகிற இரண்டும் ஒரே வருஷத்தில் உலகத்துக்கு வந்திருக்கின்றன. பிள்ளை குட்டி இல்லாத யாரோ உட்கார்ந்து திட்டம் போட்ட மாதிரி இருக்கிறது.

கம்பி வலை போட்டதும் காற்று குறைந்தது, மின்விசிறி கூடியது. இங்கேதான் என் திட்டத்தின் ஒரே பிழையில்லாத பாகம் வருகிறது. சாதாரணக் கூரை விசிறி 75 வோட் அளவு இழுக்கும். புதிய பிஎல்டிசி விசிறிக்கு 30 வோட் போதும். இரவுக்கு எட்டு மணித்தியாலம் ஓடினால் மாதத்தில் ஏறக்குறைய 11 யூனிட் மிச்சம். 60 யூனிட்டைத் தாண்டினால் வேறு கட்டண அட்டவணைக்குத் தள்ளிவிடும் நாட்டில் 11 யூனிட் என்றால் சும்மாவா? புதிய விசிறியைப் பூட்டி, பழையதை ஹோலில் தொங்கவிட்டோம். அது அங்கே சும்மாதானே இருக்கப் போகிறது.

உண்மையைச் சொன்னால், கண்டியின் படுக்கையறைகள் முழுக்க முழுக்கச் சுற்றாடல் நேயமாக இருந்தது 2022இல்தான். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. விசிறி இல்லை, லைட் இல்லை, சார்ஜ் தீர்ந்த போனில் நீல வெளிச்சமும் இல்லை. தூக்க வைத்தியர்கள் எழுதும் அறிவுரை அத்தனையையும் அரசாங்கமே நிறைவேற்றித் தந்தது. ஏழு மணிக்கே படுத்துக்கொண்டோம். ஊரில் ஒருத்தருக்கும் தூக்கம் வரவில்லை. காஸ் வரிசையில் நாளைக்கு யார் நிற்பது என்ற பேச்சு இருட்டில் வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டிருந்தது.

இத்தனை செய்தும் மனைவி காலையில் கண் சிவந்தே எழுந்தாள். மெத்தையை மாற்றியாயிற்று, சுவர் மூச்சு விடுகிறது, இன்னும் என்ன? பதிலை மகள் போனில் கொண்டுவந்தாள். இரவில் கதவுக்கு வெளியே நின்று அளந்தாளாம். தொழிற்சாலைகளுக்கென்று 1996இல் வந்த ஒலிக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, மாநகர சபை எல்லைக்குள் இரவு வரம்பு 50 டெசிபல். என் குறட்டை 68. "குண்டசாலைப் பக்கம் போனா இன்னும் கஷ்டம்பா. பிரதேச சபை எல்லைக்குள்ள 45தான்" என்றாள். வினாக்கொத்தை எடுத்துப் பார்த்தேன். 'தெரிஞ்சுகிட்டே கேக்காதீங்க.'

அறையின் ஒலி மாசு அன்றிரவே அகற்றப்பட்டது. சுவரில் சாய்ந்து நின்ற ஃபோம் மெத்தை தரையில் விழுந்தது. நான் அதன் மேல் விழுந்தேன். முதுகுக்கு இதமாக இருக்கிறது என்பதை வெளியே சொல்லவில்லை. அம்மா மட்டும் தன் அறைக் கதவைத் திறந்து பார்த்து, "லயத்துல ஒன்னைய விட மோசமா ஒங்க தாத்தா இருந்தாரு. அவரையும் இஸ்தோப்புலதான் போட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த மாத பில் கூடியிருக்கிறது. கணக்குப் பார்த்தேன். முன்பு இரண்டு பேருக்கும் சேர்த்து 75 வோட். இப்போது அறையில் 30, ஹோலில் எனக்குத் தனியாக 75, ஆக 105. ஹோலுக்கும் அதே மாதிரி ஒரு பிஎல்டிசி விசிறி வாங்கிப் போட்டால் 60க்கு இறங்கிவிடும் என்று மூடிய கதவைப் பார்த்துச் சொன்னேன்.

"கழட்டுற பழைய ஃபேனை எங்க வைப்பீங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.